எறாவ காட்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போதே ஃபோன் அடிக்கும். கத்தாரிலிருந்து என் புருஷன் அருள்தாஸ். "சாப்ட்டியா?" என்பார். பதில் சொல்வதற்குள், "எறாவ காட்டு" என்பார். கேமராவைத் திருப்பி, அவர் வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டிமேல் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். நல்லா வாய்த்தது எனக்கு வேலை!

அழகுக்கு வளர்க்கிற, விரல் நகத்தளவு சிவப்பு இறால்கள். போகும்போது இருபது விட்டுப் போனார், பதினாலு மாதத்தில் அறுபதுக்கு மேல் ஆகிவிட்டன. "இத கொயம்பு வைக்க இன்னும் எத்தினி வருசம் வளக்கணும்டி?" என்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரி சிரிப்பாள். எங்கள் சோரியாங்குப்பத்தில் போர் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசனை. குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். "ஒரேடியா ஊத்தாத, அதுங்க தாங்காது" என்பார். நான் என்ன தாங்குவேன் என்று அவர் கேட்டதில்லை. ஆனாலும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அவை போனால் அந்தக் கால் மணி நேரமும் போய்விடும் என்ற பயம்தான்.

போன வெள்ளிக்கிழமை டிரம் விரிசல் விட்டு ஒழுகிவிட்டது. தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. அம்மா சீர் கொடுத்த செம்புக் குடத்தில்தான் எங்களுக்குக் குடிதண்ணீர். புளி போட்டுத் தேய்த்து, ராத்திரியே பிடித்து வைப்பது. வீட்டிலேயே நல்ல தண்ணீர் அதுதான். அதையே ஊற்றிவிட்டுப் பாகூர் துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். சாயந்தரம் வந்து பார்த்தால், எல்லாம் வெளுத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தன. வயிற்றில் முட்டை சுமந்ததும்கூட. நான் போட்ட சத்தத்தில், அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று கஸ்தூரி ஓடிவந்தாள்.

மறுநாள் அரியாங்குப்பம் மீன் கடைக்குப் போனேன். "செம்புல வச்ச தண்ணியா? போச்சி. நமக்கு நல்லதுதான்க்கா, எறாவுக்கு வெசம்" என்றான் கடைக்கார நவீன்குமார். "அதே கலர்ல தர்றேன், மாமாவுக்கு வித்தியாசமே தெரியாது" என்று கவரில் பிடித்தும் கொடுத்தான். வாங்கிப் பார்த்தேன். இதைத் தொட்டியில் விட்டால், இன்னும் ஒரு வருஷம் ஃபோனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது.

"சாப்ட்டியா? எறாவ காட்டு."

கேமராவைத் திருப்பவில்லை. "எல்லாம் செத்துடுச்சிங்க. செம்புக் கொடத்துத் தண்ணிய ஊத்திட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

 கட் பண்ணிவிடுவார் என்று நினைத்தேன். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "காட்டறதுக்கு இன்னிக்கு ஒண்ணுமில்ல. என்னப் பாருங்களேன். நானும் இந்த வூட்லதான இருக்கறேன்?"

பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடி இது... முடி எப்ப வெட்டுன?"

"ஈஸ்டருக்கு. நாலு மாசம் ஆவுது."

 அவருக்குப் பின்னால் கட்டில் கம்பியில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது.

"திரும்பு," என்றார். "பின்னால எப்டி இருக்குனு பாக்கறேன்."

ஃபோனைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். இப்போது அவர் முகம் எனக்குத் தெரியாது. பிடரியில் ஃபேன் காற்று பட்டது. கை வலித்தது, இறக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.