கணக்குக்கு உரியவர்

டேரல் கைப்பேசியை அப்பாவின் வாயருகே பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் குனிந்து நின்றான். மூக்கில் செருகியிருந்த ஆக்ஸிஜன் குழாய் குறுக்கே வந்தது. அதை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்தான்.

"சார், உங்க முழுப் பேரு, பிறந்த தேதி, அப்புறம் உங்க மகன்கிட்ட நாங்க பேசலாம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்," என்றாள் கடன் கம்பெனிப் பெண், மூன்றாவது முறையாக.

"வெர்னன்..." என்றார் அப்பா. மூச்சு அங்கேயே நின்றது. திரும்பக் கிடைத்தபோது அவருக்கு வேறு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. "இது நிலையான தவணைம்மா. கையெழுத்துப் போடும்போதே சொன்னாங்க. மாறாது."

"பிறந்த தேதி சார்?"

"மாறாது," என்றார் மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டார்.

டேரல் பேசியைத் தன் காதுக்குக் கொண்டுபோனான். "பாருங்கம்மா, அவரால முடியல. நான் அவரோட பையன். கடுதாசி கையிலயே இருக்கு. கணக்கு நம்பர் வேணும்னா படிக்கிறேன்."

"புரியுது சார். ஆனா கணக்குக்கு உரியவர் சொல்லாம நான் ஒண்ணும் பேச முடியாது. அவருக்கு உடம்பு தேறினதும் கூப்பிடச் சொல்லுங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருப்போம்."

"தேறாது," என்றான் டேரல்.

"வருத்தமா இருக்கு சார்," என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டதுபோலத்தான் இருந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

கடுதாசியை அவன் நேற்றுதான் கண்டெடுத்திருந்தான், சமையலறை ரொட்டிப் பெட்டிக்கு அடியில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கும் கூரை மாற்றுவதற்குமாக அப்பா இந்த வீட்டின்மேல் கடன் வாங்கினார். அம்மாவுக்கு அப்போது வேலை இல்லாததால் அப்பா பேரில் மட்டும். நிலையான வட்டி. டிராக்டர் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். "ரொட்டி விலை ஏறும், பெட்ரோல் விலை ஏறும், என் தவணை ஏறாதுடா." ஏறாதது கடன் மட்டும்தான். வீட்டு வரியையும் இன்சூரன்சையும் கம்பெனியே கட்டிவிட்டு அந்தத் தவணையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

முதியவர்களுக்கு வீட்டு வரியில் ஒரு சலுகை உண்டு. வருஷா வருஷம் வசந்தத்தில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். போன வசந்தத்தில் அவர் நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், படிவத்தை யார் நினைத்தார்கள்? சலுகை போயிற்று. ஆலங்கட்டி மழைக்குப் பிறகு இன்சூரன்சும் ஏறியது. கம்பெனி இரண்டையும் கட்டிவிட்டு, விழுந்த துண்டைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டது. எண்ணூற்று எழுபது டாலராக இருந்த தவணை வரும் மாதத்திலிருந்து ஆயிரத்து முந்நூறைத் தாண்டுகிறது. கடுதாசியின் அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வழி காட்டியிருந்தார்கள்: கணக்குக்கு உரியவர் முப்பது நாளுக்குள் கேட்டுக்கொண்டால், துண்டை ஐந்து வருஷத்துக்குப் பரப்பித் தருவார்கள். முப்பதாவது நாள் இன்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே உங்கப்பா," என்றாள் அம்மா மார்லீன். பஞ்சுக் குச்சியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "ஏதோ தப்பா அனுப்பிட்டான், நான் பேசிக்கறேன்னு இருந்திருப்பார்."

"ஆமாம்மா."

"வீடு போயிடுமாடா?"

அப்பா போனால் வீட்டுக்கு வரும் இரண்டு ஓய்வூதியத்தில் ஒன்று நின்றுவிடும். மிஞ்சுகிற ஒன்றில் தவணை போனால், அம்மாவின் மாத்திரைக்கும் கேஸுக்கும் என்ன இருக்கும் என்று அவன் போட்டுப் பார்த்திருந்தான். ஒன்றும் இல்லை. அவனோ பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, ஒரு மெக்கானிக் ஷெட்டின் மாடியில் ஒற்றை அறையில் இருப்பவன். ஐம்பத்திரண்டு வயதில் அம்மாவுக்கு ஒரு கூரை தர வக்கில்லாதவன் என்பது அவனுக்கே தெரியும்.

மதியம் ஒன்றே கால் மணிக்கு அவன் குளிர்பெட்டியில் கடுகுச் சாந்துப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு சாண்ட்விச்சாவது பண்ணிக் கொடுக்கலாம் என்று.

"டேரல்," என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அவன் புட்டியும் கையுமாகப் போய் நின்றபோது அப்பாவின் மூச்சு ஒன்று வெளியே போனது. அடுத்தது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

நர்ஸ் யொலாண்டா வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மிச்சமிருந்த மார்பீன் மருந்தை ஒரு பையில் ஊற்றி, சமையலறையிலிருந்த காப்பிச் சக்கையைப் போட்டுப் பிசைந்தாள். யாரும் எடுத்துக் குடித்துவிடக்கூடாது என்று விதி. பிறகு ஆக்ஸிஜன் மிஷினை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"அது ஓடட்டும்," என்றாள் மார்லீன்.

"தேவையில்லையே அம்மா. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"தெரியும். ஓடட்டும்."

ஆறு வாரமாக வீட்டில் இரவும் பகலும் கேட்ட சத்தம் அது. யொலாண்டா கையை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஈமச்சடங்கு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் மார்ச் மாதச் சேற்றைக் கால்மிதியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். அப்பாவைப் போர்த்தி எடுத்துப் போகும்போது அம்மா பின்னாலேயே போய், "ரெண்டாவது படி ஆடும், பாத்து. சரி பண்றேன் சரி பண்றேன்னே சொல்லிட்டிருந்தார்," என்றாள்.

"கவனமாப் போறோம் அம்மா," என்றார் அவர்களில் மூத்தவர். "அவருக்குப் போட வேண்டிய துணியைக் காலைல கொண்டு வந்தாப் போதும்."

வண்டி சோளக்காட்டுப் பாதையில் திரும்பி மறையும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு அம்மா அவருடைய கோட்டைத் தேட உள்ளறைக்குப் போனாள். டேரல் சமையலறைக்குப் போய் மேசைமுன் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து.

கடன் கம்பெனியை மறுபடி கூப்பிட்டான். தொலைபேசியில் இப்போது ஓர் இளைஞன். "வணக்கம் சார். யார் பேசறது?"

பதினைந்து வயதில் டேரலின் குரல் உடைந்தபோது அது நேரே அப்பாவின் குரலாக வந்து நின்றது. அப்பாவின் கூட்டாளிகள் போன் செய்து அவனிடம் கெட்ட ஜோக் சொல்லியிருக்கிறார்கள். ஒருதடவை அம்மா கடையிலிருந்து கூப்பிட்டு, பீர் குடித்ததற்காகப் பத்து நிமிஷம் அவனை விளாசிவிட்டு, "என்ன, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் அவன், "அம்மா, நான் டேரல்," என்றான். அப்பா ஒரு வாரம் சிரித்தார்.

"வெர்னன் ஹோலுப்," என்றான் இப்போது.

சொல்லக் கஷ்டமாகவே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பிறந்த தேதியையும் அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் சொன்னான். ஆறு வாரமாக மருத்துவப் படிவங்களில் எழுதியெழுதி மனப்பாடம்.

"குரல் கரகரப்பா இருக்கே மிஸ்டர் ஹோலுப். சளியா?"

"கொஞ்ச நாளாவே."

இளைஞன் எதையோ தட்டுவது கேட்டது. துண்டை ஐந்து வருஷத்துக்குப் பரப்பும் கோரிக்கை பதிவாகிவிட்டது என்றான்.

"அப்ப பழைய தவணைக்கு வந்துடுமா?"

"இல்ல சார். துண்டு மட்டும்தான் பரவும். மாசத்துக்குத் தொண்ணூத்தி நாலு டாலர் குறையும். மத்தது வரியும் இன்சூரன்சும். அது எங்க கையில இல்ல."

தொண்ணூற்று நாலு. இதற்காகத்தான் பிணம் போய் ஒரு மணி நேரம் ஆகுமுன் பிணத்தின் பெயரைச் சொன்னான்.

"அந்த முதியோர் சலுகை? அதைத் திரும்ப வாங்கினா?"

"வாங்கலாமே சார், நல்லாக் குறையும். கவுன்ட்டி வரி ஆபீஸுக்கு நீங்க போகணும்."

"பையன் போகலாமா?"

"விட்டுப்போச்சில்ல, அதனால இந்தத் தடவை நீங்களே நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும்னு நெனைக்கிறேன்."

"நேர்லயா."

"ஆமா சார். ஒருநாள் சிரமம் பாக்காம போயிட்டு வந்துடுங்க."

டேரல் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டான். நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டு, ஹேங்கரோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. திருடும்போது பிடிபட்டாற்போல எழுந்து நின்றான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா மிஸ்டர் ஹோலுப்?"

"இல்ல..." என்று ஆரம்பித்தான்.

அம்மா தலையை அசைத்தாள். வேண்டாம், போனை வைக்காதே. முகத்தில் கோபம் இல்லை.

அவள் திரும்பிக் கூடத்துக்குப் போனாள். ஆக்ஸிஜன் மிஷினின் சத்தம் நின்றது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கும் அளவுக்கு வீடு அமைதியானது. திரும்பி வந்து அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் குரலில் இன்னும் பேசு என்பதுபோல விரலை லேசாக ஆட்டினாள்.

"சார்? இருக்கீங்களா?"

டேரல் உட்கார்ந்தான். "இருக்கேன். இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி. எனக்கு மெதுவாத்தான் புரியும்."

"தாராளமா சார். முதல்ல கடன். அசலும் வட்டியும்."

"அசலும் வட்டியும்," என்றான். "அது மாறாதுல்ல?"

"அது மாறாது சார். கடைசி வரைக்கும்."

"மாறாது," என்றான் டேரல். அம்மா தலை குனிந்து, கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "சரி. அடுத்தது சொல்லுங்க."