நாற்பத்து மூன்றாம் நம்பர்

சினேகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. இ.எஸ்.ஐ. ஆபீசில் அன்று அப்படியொன்றும் கூட்டமில்லை. ஆனாலும் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். புதுப்பட்டியிலிருந்து அவளைக் கூட்டி வந்தவள் நான், பக்கத்து வீட்டுக்காரி. மாசி மாதம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது இதே மேசையில் காகிதம் கொடுத்து, நாற்பது நாள் வீட்டில் படுத்தபடியே அரைச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். "வழி தெரிஞ்சவுக நீங்கதான்" என்று அவள் புருஷன் முனியராஜ் என்னோடு அனுப்பிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

டாக்டர் அவளை இனி வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ரத்தக்கொதிப்பு. பேறுகாலப் பணம் கிடைத்தால் எண்பத்து நாலு நாள் வீட்டில் இருக்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தோம்.

ஆபீசர் தாளைப் பார்த்தார். "எழுபது நாள் வேலை பார்த்திருக்கணும்மா. உன் பேர்ல அறுபத்திரெண்டுதான் இருக்கு."

"கல்யாணமாகி வந்ததுல இருந்து விடாம வேலைக்கு வாரேன் சார். போன வாரங்கூட வந்தேன்."

"அதெல்லாம் அடுத்த கணக்கு. இந்தப் பேறுகாலத்துக்கு, போன செப்டம்பர் வரைக்கும் பார்த்த நாள்தான். நான் என்ன செய்ய? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

எட்டு நாள் குறைகிறது. சட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான் இருந்தது.

போன ஆவணியில் அருப்புக்கோட்டையில் என் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. போகாமல் முடியாது. தீபாவளி சீசனில் பத்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பட்டாசுக் கம்பெனியில் நோட்டில் இருக்கிற நம்பரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். என்னுடையது பதினோரு வருஷத்து நம்பர், நாற்பத்து மூன்று. எங்கள் பக்கத்தில் இதற்கு வழி ஒன்று உண்டு. தெரிந்த பெண் யாரையாவது நம் நம்பரில் அனுப்பிவிடுவோம். காலையில் கணக்குப்பிள்ளை நல்லசிவம் நோட்டைப் பார்த்து நம்பரைக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தால் போதும், யார் குரல் என்று பார்க்கமாட்டார். அவருக்குச் சரம் பின்ன ஆள் வேண்டும், அவ்வளவுதான். சினேகா இருந்த பெட்டி அடைக்கிற அறையில் அப்போது அட்டை லோடு வராமல் வேலை படுத்துக் கிடந்தது. நான் கேட்டதும் சரியென்றாள். பத்தொன்பது நாள் என் நம்பரில் சரம் பின்னினாள், அந்த நாளெல்லாம் என் பேரில் ஏறியது. அந்தச் சம்பளத்தை ஒரு ரூபாய் குறையாமல் அவள் கையில் கொடுத்தேன். எனக்கு அப்போது என் நேர்மையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் நாளைக் கொடுத்த மாதிரிதான் என்று நினைத்தேன். நாளுக்குத் தனியாக ஒரு விலை உண்டென்று எங்களில் யாருக்குத் தெரியும்?

எனக்கு முதலில் தெரிந்தது மாசியில், இதே மேசையில். எழுபத்தெட்டு நாள் இருந்தால்தான் நோவுப் பணம் என்றார் ஆபீசர். எனக்கு எண்பத்தைந்து இருந்தது. விரலை விட்டுக் கழித்துப் பார்த்தேன். சினேகாவின் பத்தொன்பது நாள் இல்லையென்றால் அறுபத்தாறு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அந்த நாற்பது நாளும் எனக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றியவள் இவள்தான். அஞ்சு மாத வயிற்றோடு, காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். மனுஷன் கெட்டவர் இல்லை. "இந்தப் பக்கம் நடக்கிறது எனக்கும் தெரியும்மா. வேற யார் நம்பர்லயாவது வேலை பார்த்தியா? சொன்னா விசாரிச்சு ஏதாவது பண்ணலாம்."

சினேகா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். சொன்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், நல்லசிவத்துக்கு வேலை போகும், கம்பெனிக்கு விசாரணை வரும் என்று மனசுக்குள் அடுக்கினேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் என் வாயை அடைத்தது அதெல்லாம் இல்லை. திருடி என்று அந்த மேசைக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியமில்லை.

"இல்ல சார்," என்றாள் சினேகா. "நான் யாரு நம்பர்லயும் போகல."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வேப்பமர நிழலில் அவளை உட்கார வைத்தேன். "ஏண்டி அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன் அத்தை," என்றாள். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி, விடுங்க. ஒங்களுக்கும் வயித்தக் கிளிச்சுத் தச்சு எம்புட்டு நாளாச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டர் சொன்ன பிறகும் மூன்று வாரம் வேலைக்கு வந்தாள். ஆனி பிறந்ததும் பெண் குழந்தை பிறந்தது, ரெண்டு கிலோகூட இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற தலை. இப்போது தண்ணீர் எடுப்பது என் முறை என்று குடத்தைத் தூக்கினேன். முப்பது நாளும் எடுத்தேன். எடுத்து என்ன? குடத்தைக் கொண்டு நாளை நிரப்ப முடியுமா?

முப்பத்தைந்தாம் நாள், குழந்தையைத் தன் அம்மா சோலையம்மாளிடம் விட்டுவிட்டு கம்பெனி வேனில் ஏறினாள். நான் நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது.

கேட்டுக்குள் வரிசையாக நின்றோம். சினேகா எனக்கு முன்னால் நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்துகொண்டே வர, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். நல்லசிவம் நோட்டைப் பிரித்து நம்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"நாப்பத்திமூணு."

நான் சினேகாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாப்பத்திமூணு! தங்கத்தாய் வந்திருக்காகளா இல்லையா?"

"இருக்காக சார்," என்றாள் சினேகா, திரும்பிப் பார்க்காமல். முந்தானை நுனியைச் சுருட்டி மார்போடு வைத்து அழுத்திக்கொண்டாள். நல்லசிவம் தலை நிமிராமல் டிக் அடித்தார்.