பதினொரு பார்சலும் ஒரு வாக்கும்

"ஒரு நாள் கூட நிண்டா உங்கட அரசாங்கம் கவிண்டே போயிடும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்மராசா இப்படிக் கேட்டபோது வீடே சிரித்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள், புது மாப்பிள்ளை சிரித்தார், விதுஷாவும் சிரித்துவிட்டுத் தன் பின்னேரப் பயணச்சீட்டைத் திங்கட்கிழமைக் காலைக்கு மாற்றினாள். திங்கட்கிழமைக் காலை எட்டரைக்கு நியூவர்க் விமான நிலையத்தில் பனிமழை கொட்டி, கனடாப் பக்கம் போகும் விமானங்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

தர்மராசாவுக்கு ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில் பலசரக்குக் கடை. அமெரிக்கா வந்து முப்பது வருடம் ஆகிறது. கனடா என்றால் அவருக்கு எப்போதும் ஓர் இளக்காரம். அங்கே அரசியல் என்று ஒன்று இருக்கிறதா, பனி வழிக்கிற காசுக்கு அடிபடுகிறார்கள் என்பார். ஆனால் மனைவி செல்வமணியின் தங்கை விதுஷா அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருப்பதை மட்டும் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவரையும் விடாமல் சொல்லியிருக்கிறார். மகள் மானஸாவின் கலியாணம் சனிக்கிழமை முடிந்தது. ஞாயிறு இரவு சம்பந்தி விருந்தில் மச்சினியைப் பக்கத்தில் இருத்தி, "எம்.பி." என்று நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டார். அந்த ஆசைக்காகத்தான் அவளை மறித்தார். இப்போது சமையலறையில் செல்வமணி அவரைப் பார்த்த பார்வையில் சுண்டங்காய்கூட வாடிவிடும்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஆறரைக்கு அவளுக்கு வோட்டாம். உங்கட விருந்தால வந்த வினை."

"போனில போடலாம்தானே. கொரோனாக் காலத்திலயிருந்து அப்பிடித்தானே செய்யினம்."

"போடலாம் அத்தான்," என்றாள் விதுஷா. அவள் ஏற்கனவே சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஆனா கனடாவுக்குள்ள நிண்டுதான் போடவேணும். வெளியில நிண்டா அந்த ஆப் ஏற்காது. வாடகைக் கார் ஒண்டு பிடிச்சுத் தாங்கோ, அதுவே காணும்."

ஐசலினில் இருந்து வடக்கே, கனடா எல்லையில் உள்ள ஆயிரம் தீவுப் பாலம் ஆறு மணி நேரம். தர்மராசா கடை வானின் திறப்புக் கொத்தை எடுத்தார். வெங்காய மூட்டை ஏற்றுகிற வெள்ளை வான். டீசல் அடித்துப் புறப்பட்டால் பதினொரு மணிக்கு வீதியில் நிற்கலாம்.

அங்கேதான் அவர் இரண்டாவது பிழையை விட்டார். கடையைப் பூட்டச் சொல்லப் போன இடத்தில், "நான் கனடாவுக்குப் போறன்" என்று வாயை விட்டார். நம்மவர்களிடம் சொல்லக்கூடாத சொல் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எல்லை தாண்டி ஒரு வாகனம் போகிறது என்றால் அதில் வெறும் காற்று போகலாமா? இருபது நிமிடத்தில் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஸ்காபரோவில் இருக்கும் தமக்கைக்கு, மார்க்கம் நகரில் இருக்கும் சகலனுக்கு, பிரம்டனில் பிள்ளைப்பேற்றுக்குக் கிடக்கும் சினேகிதிக்கு என்று ஆளுக்கொரு பார்சல். கடைசியாக ஓடி வந்தவள் ரெபெக்கா. நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் வேலை.

"அங்கிள், இத மட்டும் எங்க அக்காகிட்ட குடுத்துடுங்க. சின்ன பார்சல்தான். நேரா நிக்க வச்சே கொண்டு போங்க, சாய்ச்சிடாதீங்க."

இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் தர்மராசா கடை நடத்தியிருக்க மாட்டார். மொத்தம் பதினொரு பார்சல். நாற்பது நிமிடம் போய்விட்டது. விதுஷா முன்சீட்டில் இருந்து மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்க்ராண்டன் தாண்டும்வரை தர்மராசா கேள்வியை அடக்கி வைத்திருந்தார். அதன் பிறகு அவரால் தாங்க முடியவில்லை.

"உண்மையாத்தான் கவிழுமோ?"

"ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை அத்தான். எங்கட கட்சியில ஏழு பேர். நாங்கள் தோள் குடுத்தாத்தான் பட்ஜெட் நிறைவேறும். பட்ஜெட் தோத்தா அரசாங்கமும் போச்சு, உடன எலெக்ஷன்தான். ஆளுங்கட்சியில ஒருத்தருக்கு நெஞ்சு ஒப்பரேஷன், மயக்கத்தில கிடக்கிறார். மிச்ச ஆக்களை எண்ணிப் பாத்தா, நான் போட்டா ஒரு வாக்கால தப்பும். போடாட்டிச் சரிசமம்."

"சரிசமம் எண்டா?"

"சபாநாயகர் போடுவார். அவர் எந்தப் பக்கம் போடுவார் எண்டு அவரின்ர மனிசிக்கே தெரியாது."

தர்மராசா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சரி, நீங்கள் ஏழு பேரும் ஏன் சும்மா தோள் குடுக்கிறியள்?"

"சும்மா ஆர் குடுக்கிறது? விலை பேசித்தான். ஷிப்ட் வேலைக்குப் போற ஆக்களுக்கு ராவிலயும் விடியப்புறமும் திறந்திருக்கிற டேகேர். ஆஸ்பத்திரி கழுவுற பெண்டுகள், எயார்போட்டில மூட்டை தூக்கிற பொடியள், அவையின்ர பிள்ளையளுக்கு. எட்டு மாசம் சண்டை பிடிச்சு அந்தக் காசை உள்ளுக்க போட வச்சனான். முந்நூறு பக்கத்தில ஒரு வரி. இண்டைக்குப் பட்ஜெட் விழுந்தா அந்த வரியும் விழும். பிறகு வாறவங்கள் அதை எழுத மாட்டாங்கள்."

தர்மராசாவுக்குப் பழைய ஞாபகம் வந்தது. அமெரிக்கா வந்த புதிதில் அவர் எடிசனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். செல்வமணிக்கு விடிய ஐந்து மணிக்குக் கிடங்கில் பொதி கட்டும் வேலை. அவருக்கு வேலை முடிவது ஆறு மணிக்கு. நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரம் எட்டு மாதக் குழந்தை மானஸா பழைய டொயோட்டாவின் பின்சீட்டில், பம்புக்குப் பக்கத்தில் கிடந்து தூங்கினாள். ஒவ்வொரு காருக்கும் எண்ணெய் அடித்துவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார். தைமாதக் குளிரில் குழந்தையின் மூச்சு கண்ணாடியில் படிகிறதா என்று பார்ப்பார். இந்த வெட்கத்தை அவர் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

விதுஷா அவர் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியும் அத்தான். அக்கா சொன்னவ. அந்த வரி எங்கையிருந்து வந்ததெண்டு நினைக்கிறியள்?"

முப்பது வருடத்தில் ஒரு தடவையும் வேக எல்லையைத் தாண்டாத தர்மராசா, பிங்கம்டனுக்கு வடக்கே அன்று தாண்டினார். வழக்கமாக அவருடைய மெதுவோட்டத்துக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற இளசுகள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் சிரக்கியூஸ் தாண்டியதும் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கியது. முன்னால் பனி தள்ளும் லாரி, அதன் பின்னால் ஊர்ந்துகொண்டு நூறு வாகனம். நாலு மணி, ஐந்து மணி என்று நேரம் கரைந்தது. கட்சிக் கொறடா பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். விதுஷா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அமெரிக்க ஊரின் பெயரைச் சொன்னாள். தர்மராசா தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு முடித்து, சம்பந்தி வீட்டாரின் குலதெய்வத்தையும் கூப்பிட்டார்.

பாலத்தில் ஏறும்போது ஆறு பதினெட்டு. கீழே ஆறு உறைந்து கிடந்தது. எல்லைச் சாவடிக் கூண்டருகே வான் வந்து நின்றபோது ஆறு இருபத்தேழு. கூண்டுக்குள் ஒரு நடுவயதுப் பெண் அதிகாரி. கடவுச்சீட்டுகளைப் பார்த்தார். பிறகு கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். வேறு யாராவது தந்துவிட்ட பொருள் ஏதும் வண்டியில் இருக்கிறதா?

தர்மராசாவின் நாக்கு நுனியில் "நோ" தயாராக நின்றது. ஒரே ஒரு சொல், அதைச் சொன்னால் தடைக்கம்பு எழுந்துவிடும், போய்விடலாம். அவர் வாய் திறக்கும் முன் விதுஷா அவருக்குக் குறுக்கே சாய்ந்து, இருக்கிறது, பதினொரு பார்சல், உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி ஒரு மஞ்சள் காகிதத் துண்டை நீட்டி, வலது பக்கம் பரிசோதனைக் கொட்டகைக்குப் போகச் சொன்னார்.

"என்ன பிள்ளை செய்துபோட்டாய்," என்றார் தர்மராசா. "எம்.பி. எண்டாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிடுவினம். அதாலதான் சொல்லேல்லை. எல்லையில பொய்யும் சொல்லி, பதவியையும் காட்டிப்போட்டு, அங்க என்ன முகத்தோட நான் கை தூக்கிறது?"

கொட்டகையில் இருவரையும் இறக்கி, ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கூண்டில் இருந்த அதே அதிகாரி கையுறையும் டார்ச்சுமாக வந்து வானின் பின்கதவைத் திறந்தார். முறுக்கு, மிளகாய்த்தூள், பனங்கிழங்கு, ஒரு கலியாணச் சேலை என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. தர்மராசாவுக்கு ஒவ்வொரு பார்சலும் தன் தலையில் வைத்த கல்லாகத் தெரிந்தது. ஒரு நாள் மறித்தது நான், பார்சல் ஏற்றியது நான், அந்த வரியைக் கொன்றதும் நான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டார்.

"விதுஷா, என்னை மன்னிச்சுக்கொள். என்னாலதான் எல்லாம் பாழாப்போச்சு."

அவள் அவர் தோளைத் தொட்டு மேலே காட்டினாள். கொட்டகைக் கூரைக்கு மேல், பனியில் நனைந்து கனத்துப்போய், சிவப்பு இலைக் கொடி தொங்கியது.

"பாலம் முடிஞ்சுது அத்தான். நாங்கள் நிக்கிறது கனடா."

அவருக்கு விளங்க இரண்டு நொடி ஆனது. அதற்குள் அவள் கைப்பேசியைத் திறந்திருந்தாள். ஆறு முப்பத்தொன்றுக்கு வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது, பத்து நிமிட அவகாசம். செயலி அவள் நிற்கும் இடத்தை ஏற்றுக்கொண்டது. ஆம் என்பதை அழுத்தினாள். முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தாள். முகம் தெரியவில்லை என்றது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் தெரியவில்லை என்றது. கொட்டகையில் எரிந்தது ஒரு சோம்பேறி விளக்கு. கைப்பேசி விளக்கைப் போட்டால் முகம் வெளிறிப் பேய்போல் வந்தது. ஆறு முப்பத்தேழு.

வானின் முன்விளக்கைப் போடத் தர்மராசா பாய்ந்தார். கோட்டுக்குப் பின்னால் நில் என்று அதிகாரி அதட்டினார். தர்மராசா நின்றார். ஆனால் வாயை நிறுத்தவில்லை. முப்பது வருடம் கடையில் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், பிசிறில்லாமல் சொன்னார்: இவள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், பட்ஜெட் வாக்கு நடக்கிறது, இன்னும் மூன்று நிமிடம்தான், முகத்துக்கு வெளிச்சம் வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம், பார்சல் பதினொன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி விதுஷாவைப் பார்த்தார். அவள் கையில் மினுங்கிய திரையைப் பார்த்தார். எந்தப் பக்கம் வாக்களிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியத் தேவையில்லை என்றார். பிறகு டார்ச் ஒளியைக் கொட்டகையின் வெள்ளைச் சுவரில் அடித்தார். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் விதுஷாவின் முகம், கலியாண வீட்டு மருதாணிக் கை, கலைந்த கொண்டை எல்லாம் தெளிவாக எழுந்தன. படம் எடுபட்டது. உங்கள் வாக்குப் பதிவாகிவிட்டது என்று திரை சொன்னபோது ஆறு முப்பத்தொன்பது.

அதற்குப் பிறகு வந்த சில நிமிடங்களைப் போல் தர்மராசா தன் கலியாணத்தில்கூட அனுபவித்ததில்லை. கொறடாவின் அழைப்பு வந்தது. விதுஷா ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் சபையின் இரைச்சல்தான் கேட்டது, மேசையில் தட்டுகிற சத்தம், யாரோ பாடுகிற சத்தம். பிறகு கொறடாவின் குரல். ஒரு வாக்கு. ஒரே ஒரு வாக்கால் பட்ஜெட் நிறைவேறியது.

விதுஷா அழுதாள். தர்மராசாவும் அழுதார், மூடி மறைக்கவில்லை. ஒட்டாவாவில் அத்தனை பேர் எழுந்து நின்று மேசை தட்டுவது யாருக்காக என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில், பழைய டொயோட்டாவின் பின்சீட்டில் கிடந்த எட்டு மாதக் குழந்தைக்காக. அது கனடாவின் பட்ஜெட்டில் எழுதிய வரி, அமெரிக்காவில் கிடந்த பிள்ளைக்கு அதில் ஒரு சதமும் இல்லை. இருந்தாலும் அது தன் பிள்ளையின் வரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அதிகாரி திரும்பி வந்தார். பத்துப் பார்சலைத் திருப்பிக் கொடுத்தார். பதினொன்றாவது, ரெபெக்கா நேராக நிறுத்தி வைக்கச் சொன்னது, ஒரு கறிவேப்பிலைக் கன்று. மண்ணோடு கன்று கொண்டுவர முடியாது என்று பறிமுதல் சீட்டு எழுதினார். தர்மராசா அந்தச் சீட்டைப் பரிசுப் பத்திரம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வானில் ஏறியதும் செல்வமணி அழைத்தாள். "என்னப்பா, கவிண்டு போச்சோ?"

"இல்லையப்பா. ரெபெக்கான்ர கறிவேப்பிலை மட்டும்தான் போச்சு."

மறுமுனையில் செல்வமணி யாருக்கோ உரக்கச் சொல்வதும், மானஸா கைதட்டுவதும் கேட்டது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்காக அதே அதிகாரி வந்து வான் கண்ணாடியைத் தட்டி, எத்தனை நாள் கனடாவில் தங்குவீர்கள் என்று கேட்டார். தர்மராசா தடுமாறினார். விடிந்தால் கடை திறக்க வேண்டும், வெங்காய லாரி வரும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

விதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு நாள் கூட நிண்டிட்டுப் போங்கோ அத்தான். இனிக் கவிழாது."