ஜீரோ டிக்கெட்

நல்ல மனசுக்காரர் என்று பெயரெடுத்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் அதையும் நல்ல மனசிலேயே சேர்த்துக்கொள்வார்கள். விசில் மாமாவும் அந்த ரகம்தான்.

விசில் மாமா என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர். கழுத்தில் தொங்கும் விசிலை அவர் தொடவே மாட்டார். உதட்டை மடித்து ஊதினாரென்றால் பின்னால் வரும் லாரிக்காரனே பிரேக்கை மிதிப்பான். கல்குவாரிக் குடியிருப்பில் கிளம்பி, உயர்நிலைப் பள்ளி வழியாக டவுனுக்குப் போகும் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் நான்கு வருடமாக அவர்தான் கண்டக்டர். பள்ளிக்கூடம் வரை பதினோரு கிலோமீட்டர், மூன்றே நிறுத்தம். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் பையும் பாட்டிலுமாக முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள். எல்லோர் கையிலும் இலவச பாஸ் இருக்கும்.

பாஸ் காட்டுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் டிக்கெட் மெஷினில் ஒரு ஜீரோ டிக்கெட் அழுத்திக் கொடுக்க வேண்டும் என்பது விதி. காசில்லாத டிக்கெட்தான். ஆனால் இத்தனை பேர் ஏறினார்கள் என்று மேலிடத்துக்குச் சொல்வது அது ஒன்றுதான். விசில் மாமா அதை அழுத்தியதே கிடையாது. பிள்ளைகள் பாஸை நீட்டும்போதே, "போ, போ, உள்ளே போ" என்று கையை வீசிவிடுவார். நாற்பது தடவை அழுத்திக்கொண்டு நின்றால் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துவிடும், காகிதம் வீண், நம் பிள்ளைகளை நாமே நிறுத்தி வைத்துச் சோதிப்பதா என்று காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. டெப்போவில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டினார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

பள்ளி திறந்து மூன்றாவது மாதம் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டெப்போ அறிவிப்புப் பலகையில் ஒற்றை வரி ஒட்டியிருந்தது. விசில் மாமாவை டவுனுக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு மாற்றினார்கள். டீக்கடையில் நின்றுகொண்டு அவரும் மற்றவர்களோடு சேர்ந்து திட்டினார். மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கண் அவிந்துவிட்டதா, நாற்பது பிள்ளைகள் தெருவில் நிற்பது தெரியவில்லையா என்று அன்றைக்கு அதிகமாகக் கத்தியது அவர்தான்.

அவருடைய மனைவி அந்தப் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு டீச்சர். இருவரும் குடியிருப்பது பள்ளிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி என்பதால் டீச்சருக்கு பஸ்ஸே தேவைப்பட்டதில்லை. ஆனாலும் மனு எழுதியதும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். குவாரிப் பக்கத்துப் பையன்கள் கல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். பெண் பிள்ளைகள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவர்களில் ஒருத்திக்கு வாயாடி என்று பெயர். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பள்ளிக்கூடம் வரும் வரை வாய் ஓயாமல் பேசுவாள். கணக்கில் மட்டும் பேச்சே இருக்காது. டீச்சர் கரும்பலகையில் பாதி எழுதுவதற்குள் நோட்டில் விடை இருக்கும். கல் உடைக்கிற வீட்டிலிருந்து வந்த இந்தப் பெண்தான் இந்த வருடம் பள்ளிக்கே பெயர் வாங்கித் தரப்போகிறாள் என்று டீச்சர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. சாயங்காலம் அடுப்படியில், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கடிதமுமாக டீச்சர் அதைப் படித்துக் காட்டினார். டிக்கெட் மெஷின் பதிவுகளின்படி, காலை ஏழு நாற்பது பஸ்ஸில் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று பயணிகளே பயணம் செய்துள்ளனர். ஆகவே சேவை ரத்து செய்யப்பட்டது.

"மூணு பேராம். எந்தக் குருடன் எண்ணினான் இதை?" என்றார் டீச்சர். "நீங்களே சொல்லுங்க, எத்தனை பேர் ஏறினாங்க?"

அந்த மூன்று பேர் யாரென்று விசில் மாமாவுக்குத் தெரியும். டவுன் மார்க்கெட்டுக்குப் போகும் இரண்டு வியாபாரிகள், ஒரு வாட்ச்மேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். மெஷினுக்குத் தெரிந்தது அவர்களை மட்டும்தான்.

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

"அதை எழுதிக் கொடுங்களேன். வாயாடிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். அதுக்கு மேல லீவு விழுந்தா பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க. அப்பன் லாரியில ஏறக்கூடாதுன்னுட்டான். அதுவும் சரிதானே."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எழுதிக் கொடுப்பதென்றால் இரண்டு வரிதான். ஆனால் நாற்பது பேர் ஏறினார்கள் என்று எழுதினால், ஏன் அழுத்தவில்லை என்று கேட்பார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. இருபது வருடம் ஓடுகிற வண்டியில் நின்று நின்று கால் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்ட மனிதர். இன்ஸ்பெக்டர் ஆனால் கொஞ்சமாவது உட்காரலாம். இறுதிப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் வந்துவிடும் என்றார்கள். வரட்டும், மறுநாளே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தினமும் சாயங்காலம் டீச்சர் செருப்பைக் கழற்றும்போதே குவாரிப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்வார். இன்றைக்கு இருபத்தாறு பேர். இன்றைக்கு இருபத்திரண்டு. வாயாடி இன்றைக்கும் வரவில்லை, நாளையாவது வரட்டும். விசில் மாமா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். சொல்ல வாயெடுத்த நாட்களும் உண்டு. மென்று விழுங்கிவிட்டார். பன்னிரண்டு நாள் போயிற்று. பட்டியல் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் டீச்சர் கணக்குச் சொல்லவில்லை. நாற்காலியில் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"வாயாடி பேரை அடிச்சுட்டேன்" என்றார். "பிஸ்கட் கம்பெனியில பேக்கிங் வேலைக்குச் சேர்த்துட்டானாம் அப்பன். பரீட்சையும் எழுத முடியாது, வீட்ல வச்சு என்ன செய்யன்னு என்னையே கேக்கறான். என்ன பதில் சொல்ல?"

அப்போதுதான் விசில் மாமா சொன்னார். மெஷின் பொய் சொல்லவில்லை என்றும், நான்கு வருடமாக ஒரு பிள்ளைக்குக்கூடத் தான் ஜீரோ டிக்கெட் அழுத்தவில்லை என்றும், மூன்று பேர் என்று கணக்குப் போனது தன் கையால்தான் என்றும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"லெட்டரை நான் படிச்ச அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

டீச்சர் எழுந்து போய் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்துவிட்டார். அழுத்தாமல் விட்ட நான்கு வருடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டது அந்தப் பத்தொன்பது நாளைத்தான் என்று விசில் மாமாவுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் டெப்போ மேனேஜர் முன்னால் போய் நின்றார். எழுதிய தாளோடு, பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல்களும் இருந்தன. கேட்காமலேயே டீச்சர் அவற்றைச் சாப்பாட்டுப் பையின் மேல் வைத்திருந்தார். மேனேஜர் இரண்டு தரம் படித்தார்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே, பட்டியல் வர்ற நேரத்துல."

"வண்டி ஓடினா போதும் சார்."

"இதை ஒரு மாசம் முன்னாடி கொடுத்திருந்தா அப்பவே ஓடியிருக்கும்" என்றார் மேனேஜர். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிலவரத்தைத்தான் சொன்னார். விசில் மாமாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பத்தாம் நாள் மூன்று மாத சோதனை ஓட்டமாக பஸ் திரும்ப வந்தது. கண்டக்டராகவும் அவரையே போட்டார்கள். நீயே அழுத்து, நீயே நிரூபி என்றார் மேனேஜர்.

முதல் நாள் குடியிருப்பில் பிள்ளைகள் கை தட்டினார்கள். பஸ்ஸை மீட்டுக் கொண்டுவந்தவர் இவர்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசில் மாமாவுக்கு உடம்பு கூசியது. வண்டி கிளம்புமுன் படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொன்னார்: பஸ் நின்றதே தன்னால்தான், டிக்கெட் அழுத்தாததால்தான், இனி ஒவ்வொருவரும் பாஸைக் காட்டி டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சிரித்துக்கொண்டே பாஸை நீட்டினார்கள். இருபத்தொரு டிக்கெட் அழுத்தினார். அதோடு ஜீரோ டிக்கெட் முடிந்துவிட்டது. இரண்டு நிறுத்தங்களில் பெண் பிள்ளைகள் யாருமே ஏறவில்லை.

நான்காம் நாள் இரண்டாவது நிறுத்தத்தில் வாயாடி ஏறினாள். சீருடை இல்லை. தலையை இறுக்கி முடிந்திருந்தாள். கையில் மடித்த நீல மேலங்கி ஒன்று பிளாஸ்டிக் பையில் இருந்தது. டவுனைத் தாண்டித்தான் பிஸ்கட் கம்பெனி. இத்தனை நாள் கம்பெனி வேனில் போனவள், இன்று வேனைத் தவறவிட்டிருக்கிறாள். கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை. பழைய இடத்தில், கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பேசவில்லை.

விசில் மாமாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டி குவாரி வளைவைத் தாண்டும் வரை அடுத்த சீட், அடுத்த சீட் என்று போக்குக் காட்டினார். கடைசியில் அவளிடமே வர வேண்டியிருந்தது. அவள் காசை நீட்டினாள்.

"டவுன் ஒண்ணு, மாமா."

அவர் கை தானாக எழுந்தது. வேண்டாம், உள்ளே போ என்று வீசியது. அவரை மீறித்தான் வீசியது.

வாயாடி நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"அழுத்துங்க மாமா" என்றாள். "அழுத்தலேன்னா மறுபடியும் நிறுத்திடுவாங்க."

அவர் காசை வாங்கிக்கொண்டு அழுத்தினார். டவுனுக்கு ஒரு முழு டிக்கெட் வந்தது.