மூன்று கோட் பெயிண்ட்

நாலு மணிக்கு லாரி வரும். இப்போது மூன்று பத்து.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டகையில் டிராக்டரின் பக்கத்தில் குந்தினாள். ஊரில் அவளுக்கு டிராக்டரக்கா என்று பெயர். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் நிலத்தை உழுது கொடுத்துச் சம்பாதித்த பெயர். இன்னும் ஐம்பது நிமிடத்தில் அந்தப் பெயரும் வண்டியோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

எல்லாம் போன வாரம் வந்த வினை. உழவு முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது. சாலைத் திருப்பத்தில் ஹெட்லைட் மங்கி, சிவந்து, ஒரேயடியாக அணைந்தது. எதிரே வந்த லாரி முட்டாமல் உரசிக்கொண்டு போனது. வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை. தச்சு வேலை பார்க்கும் அவள் கணவர் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. விடிந்ததும் இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

"லாரி வர்றதுக்குள்ள சார்ஜ் மீட்டர் முள்ளு பிளஸ் பக்கம் போகட்டும், வண்டி இருக்கும். இல்லன்னா அப்புறம் பேச்சே கிடையாது" என்றார் அவளிடம்.

மூன்று மாதமாகப் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதான் கோளாறு. மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். டைனமோ தரும் கரண்டை அளந்து பேட்டரிக்கு விடுகிற ரெகுலேட்டர் டப்பாவை இரண்டு தடவை மாற்றினார். கடைசியில், "டைனமோ செத்துப்போச்சுக்கா, இந்த மாடலுக்கு இனிமே எங்க தேடியும் கிடைக்காது" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செத்ததை அவர் பார்த்தாரா? சோதிக்காமலே சாவுச் சீட்டு எழுதிவிட்டாரா?

பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். இறுக்கம் சரி. டைனமோவிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தாள். இன்ஜினை ஓடவிட்டாள். சோதனை பல்பின் ஒரு வயரை அந்தக் கம்பியிலும் மறு வயரை டைனமோவின் உடம்பிலும் வைத்தாள்.

பல்பு எரியவில்லை.

மெக்கானிக் சொன்னதுதான் சரியோ? பட்டறை வாசலில் கணவர் மரத்தை இழைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன, மூச்சு இருக்கா?"

"நீங்க முதல்ல உங்க பலகையைப் பாருங்க!"

கோபத்தில் கை நழுவியது. வயர் நுனி வழுக்கி, டைனமோவின் ஓரத்தில் இருந்த ஒரு போல்ட்டின் மரையில் பட்டது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

எடுத்தாள், அணைந்தது. மறுபடி உடம்பில் வைத்தாள், இல்லை. மரையில் வைத்தாள், எரிந்தது. டைனமோ உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் நடுவில் தடுப்பது எது? நகத்தால் சுரண்டினாள். நகத்தடியில் சிவப்புப் பெயிண்ட்.

மூன்று மாதத்துக்கு முன் குடல்வால் ஆபரேஷனுக்காக அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். திரும்பி வந்தபோது டிராக்டர் புது மணப்பெண் மாதிரி நின்றது. கணவர் பாகம் பாகமாகக் கழற்றி, அடியும் விளிம்பும் விடாமல் மூன்று கோட் அடித்து, திரும்பப் பூட்டியிருந்தார். அலமாரியின் முதுகுக்குக்கூடப் பாலிஷ் போடுகிற மனிதர். அன்று அவள் அழுதேவிட்டாள்.

ரெகுலேட்டரின் எர்த் வயர் டைனமோ உடம்பில் அந்தப் பெயிண்டின் மேல்தான் முறுக்கப்பட்டிருந்தது. இரும்பைத் தொடவே இல்லை. கோளாறு ஆரம்பித்ததும் அந்த மாதம்தான்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, டைனமோ வயர்களை அதனதன் இடத்தில் பூட்டினாள். தெருமுனையில் ஹாரன் சத்தம். மணி மூன்று ஐம்பது.

"ஏங்க, இங்க வாங்க."

வந்தார். அவள் எர்த் வயரைக் கழற்றிக் காட்டினாள். நாசூக்காகச் சொல்ல நேரமில்லை. "இரும்பும் இரும்பும் தொட்டாதான் கரண்ட் போகும். நடுவுல நீங்க அடிச்ச பெயிண்ட் இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ... அன்னைக்கு லைட் அணைஞ்சது..."

"அதை அப்புறம் பேசலாம். சுரண்ட ஏதாவது கொடுங்க."

அவர் பட்டறைக்குள் போய் உளியோடு வந்தார். அந்த உளி. ஆணி இருக்கிற பலகையில்கூட வைக்கவிடமாட்டார். அவள் ஒருமுறை பெயிண்ட் டப்பா திறக்க எடுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை. அவள் கை நீட்டினாள். அவர் தரவில்லை. தானே குந்தி, உளியை இரும்பின் மேல் சாய்த்து அழுத்தினார். கிரீச்சென்றது. சிவப்பு சுருள் சுருளாக உதிர்ந்து, ஒரு காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிந்தது.

லாரி பின்பக்கமாகவே கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது. "அக்கா, ஏத்திடலாமா?" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"பொறுய்யா!" கத்தியது கணவர்.

அவள் வயரை முறுக்கிவிட்டு சீட்டில் ஏறினாள். ஸ்டார்ட் செய்தாள். ஹெட்லைட்டைப் போட்டாள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு த்ராட்டிலை இழுத்தாள். இன்ஜின் உறுமியது. முள் நடுங்கியது, நடுக்கோட்டைத் தொட்டது.

கணவர் மீட்டரைப் பார்க்கவில்லை. நுனி மழுங்கிய உளியைப் பிடித்தபடி, கொட்டகை நிழலில் நின்ற லாரியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மஞ்சளாகக் கிடந்த ஹெட்லைட்டின் இரண்டு வட்டங்கள் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன. இரும்புக் கடைக்காரர் கண் கூசி, கையை நெற்றிக்கு உயர்த்தினார்.