உடைந்த பாலத்துக்கு வந்துவிடு

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பச்சை விளக்கு. சர்வர் அறையில் எது புகைந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "திரையில எல்லாம் பச்சையா இருக்கா?" இருக்கிறது என்றால் போய்விடுவார். வெள்ளமோ புயலோ வந்தால் எங்கள் ஆன்லைன் விளையாட்டு நிற்காமல் ஓட, திட்டம் போட்டதும் அவர்தான். இங்கே முழுகினால் மேட்டு ஊரில் இருக்கும் மாற்று சர்வருக்குத் தாவிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை விடியலில், விளையாட ஆளே இல்லாத நேரமாகப் பார்த்து ஒத்திகை நடத்துவோம். எப்போதும் பச்சைதான். அது ஏட்டுச் சுரைக்காய் என்று யார் கண்டது?

அன்று மதியம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. மின்சாரம் போய், அலுவலகம் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் கேட்டது என் தம்பியின் குரல்.

ஆற்றை ஒட்டிய தெருவில், மாடி அறையில் அவனும் அம்மாவும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆன அம்மாவால் நடக்க முடியாது. அவளை விட்டு அவன் நகர மாட்டான். கைப்பேசியைத் தண்ணீரில் தவறவிட்ட அந்தக் கழுதையிடம் மிஞ்சியது, கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டியும் ரூட்டருக்கு வாங்கி வைத்த பாட்டரியும்தான். தண்டச் செலவு என்று அந்தப் பாட்டரிக்காக நான் அவனைத் திட்டாத திட்டில்லை. இப்போது அது தீரக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவனுடைய விளையாட்டுக் கூட்டாளி ஒருவன் படகில் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தான். பூனை என்பது அவன் பட்டப்பெயர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் விளையாட்டுக்குள் இருக்கும் பேச்சறையில் தம்பி வழி சொல்ல, பூனை தன் கைப்பேசியில் அதைத் திறந்து கேட்டுக் கேட்டு வந்தான்.

"தெருப் பலகையெல்லாம் முழுகிடுச்சுடா. எங்க இருக்கேன்னே தெரியல."

"மொட்டை மாடியில செவப்புத் தொட்டி தெரியுதா? அதைத் தாண்டி வா."

"அம்மா எப்படி இருக்காங்கடா?" என்று நடுவில் புகுந்தேன்.

"கட்டில் முழுகிடுச்சு. மேசை மேல படுக்க வச்சிருக்கேன். நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றாங்க."

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

மாடிப்படியிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் குரல் கொடுத்தார். "தண்ணி ஜெனரேட்டரைத் தொட்டுடுச்சு. நான் நிறுத்தியே ஆகணும்."

"மாத்திடும்மா," என்றார் மேலாளர். "சர்வர் தானா செத்துச்சுன்னா திரும்ப எழுப்ப ராத்திரி ஆயிடும்."

"படகு போய்ச் சேரட்டும் சார்."

"எல்லாம் அங்கயும் அப்படியே வரும். ஒத்திகை பாத்திருக்கோம்ல."

அவர் முகத்திலும் ரத்தமில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். ராத்திரி வரை அந்த மேசை தாங்காது.

"டேய், லைன் கொஞ்ச நேரம் அறுந்துடும். திரும்ப எப்படிச் சேருவீங்க?"

பூனைதான் பதில் சொன்னான். "விளையாட்டுல உடைஞ்ச பாலம் ஒண்ணு இருக்குக்கா. எப்ப அறுந்தாலும் அங்க வந்துடணும். எங்க கூட்டத்துல அதான் வழக்கம்."

மாற்றினேன். திரையில் வரிசையாகச் சிவப்பு விழுந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை ஏறியது. ஜெனரேட்டரின் இரைச்சல் அடங்கியது. மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜும் என் கைப்பேசியின் இணையமும்தான் இனி எனக்குக் கண்.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

தேடிப் பார்த்தேன். மாற்று சர்வரில் பேச்சறையே இல்லை. எழுதி அனுப்பும் வசதியும் இல்லை. ஆளில்லாத விடியலில் ஒத்திகை பார்த்தால் பேச யார் இருப்பார்கள்? பேச்சை அங்கே வைக்க மறந்துபோனது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எல்லாம் பச்சைதானேம்மா?"

"உங்க பச்சையைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுங்க சார்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நிர்வாக அனுமதியைப் போட்டு, பெயரில்லாத ஒரு பொம்மையாக உடைந்த பாலத்தில் குதித்தேன். சிவப்புப் போர்வை போர்த்திய வீரன் அங்கே நின்றான், அது தம்பி. எதிரே காது நீண்ட பூனை. இரண்டும் ஊமையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

திடீரென்று தம்பி இடது பக்கம் ஓடினான். திரும்பி வந்தான். மறுபடி இடது பக்கம் ஓடினான். எனக்குச் சட்டென்று உறைத்தது. ஜன்னலிலிருந்து அவனுக்குப் படகு தெரிகிறது. கத்தினால் கேட்காத தூரத்தில் அது வேறு பக்கம் போகிறது. திரும்ப வேண்டிய திசையை ஓடிக் காட்டுகிறான்.

"புரிஞ்சுக்கடா, புரிஞ்சுக்கடா," என்று திரையிடம் கெஞ்சினேன்.

பூனை இடது பக்கம் ஓரடி வைத்தது. தம்பி நின்றான். பிறகு நேராக நடந்தான். பூனையும் நேராக நடந்தது. வலது. கொஞ்சம் பின்னால். மறுபடி வலது. அதன்பின் இரண்டும் அசையவில்லை.

மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பியின் வீரன் ஆடத் தொடங்கினான். கையைத் தூக்கி இடுப்பை வளைக்கும் அந்தக் கோமாளி ஆட்டம். ஜெயித்தாலும் அதைத்தான் ஆடுவான். தோற்று வெளியே போகும்போதும் அதைத்தான் ஆடுவான். ஆடி முடித்து மறைந்துபோனான்.

எது இது? படகு வந்துவிட்டதா, பாட்டரி போய்விட்டதா, இல்லை அக்காவுக்குக் கடைசியாக ஒரு கும்பிடா? பாவி, ஒரே ஆட்டத்தையா இரண்டுக்கும் வைத்துக்கொள்வாய்?

பூனை மட்டும் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பின்பக்கமாக நடந்து சுவரில் மோதியது. நின்ற இடத்திலேயே சுற்றியது. பாலத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. மேலே வந்தது, மறுபடி விழுந்தது.

"தினம் விளையாடுற பையன்தானே இந்தப் பூனை," என்றார் மேலாளர். "ஏம்மா இப்படி விழறான்?"

தம்பியைப் படகுக்குள் தூக்கிவிடவோ துடுப்புப் போடவோ பூனைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும். நனையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கைப்பேசியைப் படகில் ஏறிய, விளையாடவே தெரியாத யாரிடமோ கொடுத்திருக்கிறான். பிள்ளையை விட்டுவிட்டுப் படகில் ஏறுகிறவள் இல்லை அவள். அப்படியென்றால் தம்பியும் அங்கேதான். பூனை மூன்றாம் முறையாகத் தண்ணீரில் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அது எங்க அம்மா சார்," என்றேன். "விளையாடுறாங்க."