அகப்பையில் ஏழு

பதினொரு டாக்டர்கள் குனிந்து நிற்க, தோட்டக் கூலிக்காரி பஞ்சாலை வெள்ளை அகப்பையால் ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு காட்டினாள். இருபது தடவை மொண்டாயிற்று. ஒரு கொசுப்புழு இல்லை. இருக்குமா பின்னே? எட்டு வருஷமாக வாரம் தவறாமல், புழு மூச்சுமுட்டிச் சாக, அவள் எண்ணெய் அடித்த ஓடை அது. சிரம்பானில் கூடிய மலேரியா மாநாட்டுக்காரர்கள், காய்ச்சலை விரட்டிய ரப்பர் தோட்டம் என்று கேள்விப்பட்டு, முன்னும் பின்னும் கவச வண்டிக் காவலோடு கோலா கிளாவாங் மலைப்பாதையில் வந்திருந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமை பஞ்சாலைக்கும் இருந்தது, துரை வாயைத் திறக்கும்வரை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ராமகிருஷ்ணன் அவள் காதருகே தமிழில் சொன்னார்.

"கொசுதான் இல்லையே, இனி எண்ணெய் எதுக்குங்கிறாரு. அடுத்த மாசம் நீ மலைக்காட்டுக்குப் பால் வெட்டப் போவணுமாம்."

லாரியிலிருந்து விழுந்து வளைந்துபோன கால் அவளுடையது. பத்தடி மேடேறினாலே கெஞ்சும். மலைக்காட்டில் முந்நூறு ரப்பர் மரத்துக்கு எப்படி ஏறி இறங்குவது? ஒழுங்காக வேலை செய்ததற்கு இதுதானா கூலி? நாலு புழுவையாவது விட்டு வைத்திருக்கலாம், பாவி மனசு கேட்டதா.

தேநீர் ஓடைக்கரையிலேயே என்றுதான் ஏற்பாடு. பலகாரக் கூடைதான் வரவில்லை. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதோ என்று பஞ்சாலையின் எண்ணெய் டின்னையே தினமும் குச்சியால் துழாவுகிற மலாய்க் காவலர், முள்கம்பி வாசலில் துரையின் கேக்கையும் குத்திப் பார்த்திருந்தார். வேலிக்கு வெளியே சாப்பாடு போகக்கூடாது, யார் வீட்டுச் சாப்பாடானாலும் சரி என்று கூடையைத் திருப்பியும் அனுப்பிவிட்டார். துரை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் பங்களாவுக்கு அழைத்துப் போனார். பஞ்சாலையும் அகப்பையோடு நொண்டிக்கொண்டே போனாள்.

மேசை போட்டிருந்தது துரையின் பெண்சாதி மேமின் அல்லிக்குளத்தோரம். பூ வாடிவிடும் என்று எண்ணெய் டின்னோடு அவளை அண்டவிடாத குளம். அவள் அதையே பார்ப்பதைக் கண்டு டிரசருக்கு வியர்த்தது.

"வேணாம்லா பஞ்சாலை. ரிப்போர்ட்டுல பூஜ்யம்னு எழுதியிருக்கேன்."

"ஒங்க பூஜ்யம் வந்து எனக்கு மலை ஏறுமா, ஐயா?"

ஒரே மொள்ளல். ஏழு புழு. மற்றக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இவை ஏழும் நீரோடு நீராகப் படுத்துக் கிடந்தன. காய்ச்சல் கொசுவேதான். அவளுக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

மதராஸிலிருந்து வந்த டாக்டர் கேக்கை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "ஏம்மா, இங்க எண்ணெய் அடிக்கிறதில்லையா?"

"மேம் வேணாம்னுட்டாங்க. சொன்னா நாளைக்கே அடிப்பேன் ஐயா. வாரா வாரம் அடிக்கணும். விட்டா வந்துரும்."

அவர் அதை வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொன்னார். மேம் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டுவரை மூடிக்கொண்டாள். டாக்டர்கள் தேநீரை ஆறவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து பார்த்தார்கள். பஞ்சாலைக்குக் கால் விண்விண் என்று தெறித்தது. தண்ணீர் அலுங்கக்கூடாதென்று அசையாமல் நின்றாள். பதினொன்றாவது ஆளும் பார்த்து நகர்ந்தபின் துரை மட்டும் மிச்சம். அவள் அகப்பையைக் கீழே இறக்கவில்லை, மேலே தூக்கவுமில்லை. துரை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாகக் குனிந்தார்.